மனைவியின் முதல் யார்ட்சைட்: எந்த நாள், யார் என்ன செய்வது?

வெள்ளிமாலை (அக்டோபர் 12, 2025)

வணக்கம். என் மனைவி போய் அடுத்த மாதத்தோடு ஒரு வருடம் ஆகிறது. அவள் யூதப் பெண், ஒருவர் இறந்த நாள் வருடா வருடம் வருவதை அவர்கள் யார்ட்சைட் என்பார்கள். நான் யூதன் இல்லை, மதம் மாறவும் இல்லை, அவளும் 18 வருடத்தில் ஒரு நாள்கூட மாறச் சொன்னதில்லை. இரண்டு பிள்ளைகள், மகளுக்கு 15, மகனுக்கு 11. தாய் யூதர் என்பதால் இவர்களும் யூதர்கள்தான், அப்படித்தான் அவள் வளர்த்தாள். ஆனால் வீட்டில் எல்லாவற்றையும் தெரிந்து வைத்திருந்தவள் அவள் ஒருத்திதான், எந்தப் பண்டிகை எப்போது, எந்த விளக்கு எத்தனை மணிக்கு என்று. அவள் சொல்வாள், நாங்கள் செய்வோம். இப்போது அவளுக்காகவே ஒரு நாளைச் சரியாகச் செய்ய வேண்டியிருக்கிறது, கேட்க அவள் இல்லை.

முதல் குழப்பம் தேதி. அவள் இறந்தது 2024 நவம்பர் 10, ஞாயிற்றுக்கிழமை. ஜெபக்கூட அலுவலகத்திலிருந்து வந்த கடிதத்தில், யூதர்களின் எபிரேயக் காலண்டர்படி 9 ஹெஷ்வான் (ஹெஷ்வான் மாதம் 9ஆம் நாள்) என்று போட்டிருக்கிறது. வேறு நாட்டில் இருக்கும் என் மச்சான் (மனைவியின் அண்ணன்) இல்லவே இல்லை, 10 ஹெஷ்வான் என்கிறார். நான் மருத்துவமனையில் அவள் கையைப் பிடித்துக்கொண்டு இருந்தேன், சன்னலுக்கு வெளியே நன்றாக இருட்டி ஒரு மணி நேரமாவது ஆகியிருந்தது, அது மட்டும் எனக்கு நிச்சயமாகத் தெரியும்.

இரண்டாவது, மகள். இறந்தவருக்காகச் சொல்லும் காதீஷ் ஜெபத்தைத் தானும் சொல்ல வேண்டும் என்கிறாள். அடக்கம் முடிந்து முதல் 30 நாளும் மச்சான்தான் சொன்னார். பெற்றோருக்குப் பிள்ளைகள் 11 மாதம் சொல்வார்கள் என்பது அவளுக்குப் பிறகுதான் தெரிந்தது, அதிலிருந்து மனதுக்குள் வைத்துக்கொண்டு வருந்துகிறாள். போன வாரம் அதன் மொழிபெயர்ப்பைப் படித்துவிட்டு வந்து, "இதில் அம்மாவைப் பற்றி ஒரு வார்த்தைகூட இல்லையே அப்பா" என்றாள். எனக்குப் பதில் தெரியவில்லை.

தெரிந்தவர்கள் சொல்லுங்கள். மெழுகுவர்த்தியை யார் ஏற்றலாம், மகன் சின்னவன் என்பதால் அவனுக்கு ஒன்றும் இல்லையா, கல்லறைக்கு எப்போது போவது, எல்லாமே.

கார்மேகம்

முதலில் என் ஆழ்ந்த அனுதாபம். நான் யூத மதத்துக்கு மாறி 20 வருடத்துக்கு மேல் ஆகிறது, அதனால் தேதி விஷயத்தை உறுதியாகச் சொல்கிறேன். உங்கள் மச்சான் சொல்வதுதான் சரி.

எபிரேய நாள் நள்ளிரவில் தொடங்குவதில்லை, பொழுது சாயும்போது தொடங்குகிறது. நவம்பர் 10 பகல் முழுக்க 9 ஹெஷ்வான், அன்று இருட்டியதும் 10 ஹெஷ்வான் பிறந்துவிட்டது. அலுவலகத்தில் இறப்புச் சான்றிதழைப் பார்த்து ஆங்கிலத் தேதியை மட்டும் மாற்றியிருப்பார்கள், சூரியன் மறைந்த பிறகா முன்பா என்று யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். இது அடிக்கடி நடக்கிற தவறு. ஒரு வரி எழுதி அனுப்புங்கள், திருத்திவிடுவார்கள். (சூரியன் மறைவதற்கும் நட்சத்திரம் தெரிவதற்கும் இடைப்பட்ட அந்த அரைகுறை வெளிச்சத்தில் இறந்திருந்தால் ரபியை (யூத மத குருவை) கேட்டாக வேண்டும். உங்களுக்கு அந்தச் சிக்கல் இல்லை.)

இந்த வருடம் 10 ஹெஷ்வான் நவம்பர் 1, சனிக்கிழமை. அதாவது அக்டோபர் 31 வெள்ளி மாலையே தொடங்கிவிடும். இதைத்தான் கவனிக்க வேண்டும், ஏனென்றால் அது சபாத், வாராந்தர ஓய்வு நாள். யார்ட்சைட் மெழுகுவர்த்தியை முதலில் ஏற்றிவிட்டு, அதன் பிறகு சபாத் விளக்குகளை ஏற்றுங்கள். சபாத் விளக்கு ஏற்றியாகிவிட்டால் அதற்குப் பிறகு தீ தொடுவதில்லை. இதற்கென்று விற்கிற மெழுகுவர்த்தி 24 மணி நேரத்துக்குக் குறையாமல் எரியும், சிலது 26 மணி நேரம் வரை போகும். கண்ணாடிக் குவளையில் அல்லது தகரக் குப்பியில் இருக்கும். ஏற்றும்போது சொல்வதற்கென்று எந்த ஆசீர்வாத மந்திரமும் கிடையாது. நீங்கள் ஏற்றலாம், மகள் ஏற்றலாம், யாரும் தடுக்க மாட்டார்கள். நடுவில் அணைந்துவிட்டால் பதறாதீர்கள், அபசகுனம் எதுவும் இல்லை, சபாத்தில் திரும்ப ஏற்றாமல் விட்டுவிடுங்கள், அவ்வளவுதான்.

சபாத் அன்று கல்லறைக்குப் போவதில்லை. வெள்ளி காலையிலோ ஞாயிறோ போங்கள். பூவுக்குப் பதில் ஒரு சின்னக் கல் எடுத்துப் போய் நடுகல் மேல் வையுங்கள்.

தேதி ஒவ்வொரு வருடமும் நகரும், இதையும் இப்போதே குறித்து வையுங்கள். 2026இல் அக்டோபர் 20 மாலை, 2027இல் நவம்பர் 9 மாலை. எபிரேய வருடம் சந்திரக் கணக்கில் 354 நாள் சுமாருக்கு ஓடும், அதனால் தேதி பத்துப் பதினோரு நாள் பின்னுக்கு வந்துகொண்டே இருக்கும், பிறகு 19 வருடத்தில் 7 முறை ஒரு முழு மாதத்தையே கூடுதலாகச் சேர்த்து இழுத்துச் சரிசெய்வார்கள்.

பழையரயில்

என் கருத்தைச் சொல்கிறேன், தவறாக எடுத்துக்கொள்ளாதீர்கள். பிள்ளைகளுக்கு நவம்பர் 10 என்பதுதான் அம்மா போன நாள். அந்தத் தேதிதான் அவர்கள் நெஞ்சில் இருக்கிறது. வருடா வருடம் இடம் மாறுகிற ஒரு நாளைத் தேடிப் பிடித்து, தெரியாத மொழியில் ஜெபித்து, ஏன் இவ்வளவு சிரமம்? நவம்பர் 10 அன்று அவருடைய படத்தின் முன் உட்கார்ந்து அவரைப் பற்றிப் பேசினால் போதாதா?

கார்மேகம்

பேசட்டும், நிச்சயமாகப் பேசட்டும், நவம்பர் 10 வரும்போது பிள்ளைகளுக்கு எப்படியும் வலிக்கத்தான் போகிறது, அதை யாரும் தடுக்க முடியாது. ஆனால் அந்தப் பெண் தன் அம்மாவுக்கோ அப்பாவுக்கோ விளக்கு ஏற்றியிருந்தால் எந்தக் கணக்கில் ஏற்றியிருப்பார் என்று யோசித்துப் பாருங்கள். அவருடைய காலண்டரில் அவருக்கு ஒரு நாள் இருக்க வேண்டும் என்பதுதான் என் எண்ணம்.

சன்னலோரம்

இதைப் படித்துவிட்டுப் பதில் எழுதாமல் தூங்க முடியவில்லை. நானும் இப்படிப்பட்ட வீட்டில் வளர்ந்தவள்தான். அம்மா யூதர், அப்பா தமிழர். அம்மா இறந்தபோது எனக்கு 22 வயது. அண்ணன் தம்பி யாரும் இல்லை, நான் ஒருத்திதான்.

உங்கள் மகளின் கேள்வியிலிருந்து தொடங்குகிறேன். ஆமாம், காதீஷில் அம்மாவைப் பற்றியும் இல்லை, சாவைப் பற்றியும் ஒரு சொல் இல்லை. அது பெரும்பாலும் அராமிக் மொழி, அந்தக் காலத்தில் மக்கள் வீட்டில் பேசிய மொழி. "யித்கதல் வெயித்கதஷ் ஷெமே ரப்பா" என்று ஆரம்பிக்கும், இறைவனின் பெயர் பெரிதாகட்டும், புனிதமாகட்டும் என்று. எனக்கும் முதலில் கோபம்தான் வந்தது. அம்மாவை எடுத்துக்கொண்டவனை நான் எழுந்து நின்று புகழ வேண்டுமா என்று. சொல்லிச் சொல்லித்தான் ஒன்று புரிந்தது. அதைத் தனியாகச் சொல்ல முடியாது. மின்யான் என்று 10 பேர் கூடியிருக்க வேண்டும், நாம் சொல்லச் சொல்ல அவர்கள் நடுவில் சத்தமாகப் பதில் சொல்ல வேண்டும். வீட்டுக்குள் கதவைச் சாத்திக்கொண்டு கிடக்க நினைத்த என்னை, வாரா வாரம் பத்துப் பேர் நடுவில் கொண்டுபோய் நிறுத்தியது அந்த விதிதான். பக்கத்து வரிசையில் ஒரு வயதான பெரியவர் இருப்பார், நான் எந்த இடத்தில் தடுமாறுவேன் என்று அவருக்குத் தெரியும், அந்த இடம் வரும்போது மட்டும் அவர் குரல் கொஞ்சம் உயரும். அவரோடு நான் வேறு எதுவும் பேசியதே இல்லை.

பெண் சொல்லலாமா என்றால், இடத்தைப் பொறுத்தது. யூதர்களில் பல பிரிவுகள் உண்டு. சீர்திருத்தப் பிரிவிலும் பெரும்பாலான கன்சர்வேட்டிவ் கூடங்களிலும் பெண்களும் அந்தப் பத்துப் பேரில் சேர்த்தி, உங்கள் மகள் தாராளமாகச் சொல்லலாம். பழைய மரபை இறுக்கமாகப் பின்பற்றும் ஆர்த்தடாக்ஸ் கூடங்களில் 10 பேரும் ஆண்களாக இருக்க வேண்டும். பெண் தன் பகுதியிலிருந்தே சொல்வதைச் சில இடங்களில் ஏற்பார்கள், சில இடங்களில் மாட்டார்கள். முதல் தடவை நான் போன ஓர் இடத்தில் நான் ஆரம்பித்ததும் "உஷ்" என்றார்கள். அந்தச் சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. அதனால் தயவுசெய்து முன்கூட்டியே ரபியிடம் பேசிவிட்டுப் போங்கள், உங்கள் பெண்ணுக்கு அது நடக்கக் கூடாது.

ஹென்ரியெட்டா சோல்ட் பற்றி அவளிடம் சொல்லுங்கள். 1912இல் ஹதாஸா என்ற யூதப் பெண்கள் அமைப்பைத் தொடங்கியவர். 1916இல் அவருடைய அம்மா இறந்தபோது, குடும்ப நண்பர் ஒருவர் உங்கள் சார்பில் நான் காதீஷ் சொல்கிறேன் என்று அன்போடு முன்வந்தார். சோல்ட் அவருக்கு நன்றி சொல்லி எழுதிய கடிதத்தில், ஏற்றுக்கொள்ள முடியாது, நானே சொல்வேன் என்று எழுதினார். அவர் அம்மாவுக்குப் பிறந்தது எட்டும் பெண்கள். அப்பா இறந்தபோதும் பெண்களுடைய இடத்தை வெளியார் எடுத்துக்கொள்ள அந்த அம்மா விடவில்லையாம். அம்மா விரும்பியபடிதான் நான் செய்கிறேன் என்பது அந்தக் கடிதத்தின் சாரம். நூறு வருடத்துக்கு முன்பே ஒரு மகள் இவ்வளவு தெளிவாக இருந்திருக்கிறாள். எனக்கு அதைப் படித்த அன்றுதான் தெம்பு வந்தது.

மகனைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். 13 வயது ஆகாததால் அந்தப் பத்துப் பேரில் அவன் எண்ணிக்கை இல்லை, ஆனால் காதீஷ் சொல்லலாம். இன்னும் சொன்னால், துக்கத்தில் சொல்கிற காதீஷுக்குப் பெயரே "காதீஷ் யாதோம்", அநாதையின் காதீஷ். வயது வராததால் ஜெபத்தை முன்நின்று நடத்த முடியாத சின்னப் பிள்ளைகளுக்கு ஒரு வழி வேண்டும் என்றுதான் அது வந்தது. அவனுக்காகவே உண்டானது மாதிரி. அக்காவும் தம்பியும் சேர்ந்து நின்று சொல்லட்டும்.

11 மாதம் சொல்லவில்லையே என்று அவள் வருந்துவதைப் பற்றி ஒன்று மட்டும். யாரும் அவளிடம் சொல்லவில்லை, அவளுக்குத் தெரியாது. யார்ட்சைட் ஒவ்வொரு வருடமும் வரும். அது போக யோம் கிப்பூர், ஷெமினி அத்சேரெத், பெசாஹ் கடைசி நாள், ஷாவுவோத் என்ற பண்டிகை நாட்களில் வருடத்தில் நான்கு முறை யிஸ்கோர் ஜெபம் இருக்கிறது, அதிலும் அம்மாவின் பெயரைச் சொல்லி நினைக்கலாம். அவளுக்கு இனிமேல் நிறைய நாள் இருக்கிறது.

வெள்ளிமாலை

இருவருக்கும் எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை. சன்னலோரம், நீங்கள் எழுதியதை மகளிடம் கொடுத்தேன், வாங்கிக்கொண்டு அறைக்குள் போய்விட்டாள், அப்புறம் வந்து தம்பிக்குச் சொல்லிக் கொடுக்க ஆரம்பித்திருக்கிறாள். ரபியிடம் பேசினேன், அங்கே மகள் சொல்லலாம், தேதியையும் திருத்திவிட்டார்கள்.

இன்னொன்று கேட்கவா? பிள்ளைகளுக்கு ஒரு வேலை கிடைத்துவிட்டது. எனக்கு? நான் அந்தப் பத்துப் பேரில் ஒருவன் இல்லை. காதீஷ் என்னுடையது இல்லை. அவளோடு 18 வருடம் வாழ்ந்தவன் நான், அன்று பின்வரிசையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டு மட்டும் இருக்க வேண்டுமா?

ஆற்றுமணல்

தம்பி, எனக்கு வயது 71. என் முதல் மனைவி இறந்து பல வருடங்கள் ஆகிவிட்டன. அவளும் யூதர், நானும் உங்களைப் போல வெளியிலிருந்து வந்தவன், பின்னால்தான் மாறினேன். அதனால் நீங்கள் கேட்பது எந்த இடத்திலிருந்து வருகிறது என்று தெரியும்.

உட்கார வேண்டாம், பிள்ளைகள் நிற்கும்போது நீங்களும் நில்லுங்கள். எல்லோரும் பதில் சொல்லும்போது ஆமென் சொல்லுங்கள். ஆமென் சொல்ல யாருடைய அனுமதியும் தேவையில்லை.

அப்புறம், நாள் வெள்ளி இரவில் தொடங்குகிறது என்று கார்மேகம் சொன்னாரே, அதை நீங்கள் கவனித்தீர்களா? வெள்ளி இரவு சாப்பாட்டு மேசையில் "எஷெத் ஹயில்" பாடுவது வழக்கம். நீதிமொழிகளின் 31ஆம் அதிகாரம், 10 முதல் 31 வரை 22 வசனம், எபிரேய எழுத்து 22க்கும் அகர வரிசையில் ஒவ்வொன்று. கணவன் மனைவியைப் பார்த்துப் பாடுவது அது. விடியும் முன்பே எழுந்து வீட்டாருக்கு உணவு கொடுப்பவள், ஏழைக்குக் கை நீட்டுபவள் என்று ஒவ்வொரு வேலையாகச் சொல்லிக்கொண்டே போகும். முடிகிற இடத்துக்குப் பக்கத்தில் பிள்ளைகள் எழுந்து அவளைப் பாக்கியவதி என்பார்கள், கணவனும் அவளைப் புகழ்வான் என்று வருகிறது. காதீஷில் அவளைப் பற்றி ஒன்றும் இல்லை என்று மகள் கேட்டாளே, இதில் எல்லாமே அவளைப் பற்றித்தான். துக்க வீட்டிலும் அடக்கத்திலும்கூட இதைச் சொல்கிறவர்கள் உண்டு. இது உங்களுடையது.

ஆதியாகமத்தைத் திறந்தால் மனைவியை இழந்த கணவர்களைப் பார்க்கிறோம். சாராள் 127 வயதில் இறக்கிறாள், ஆபிரகாம் வந்து அவளுக்காகப் புலம்பி அழுகிறார். அந்த "அழ" என்ற சொல்லில் ஓர் எழுத்தைத் தோரா (யூத வேதம்) சுருளில் இன்றும் சின்னதாகத்தான் எழுதுகிறார்கள். ஏன் என்று ஆளுக்கொரு விளக்கம் சொல்வார்கள். அவர் அழுததில் பெரும் பங்கு யார் கண்ணுக்கும் தெரியாமல் நடந்தது என்பார்கள், எனக்கு அது போதும். சாராளின் மரணத்தோடு தொடங்கும் அந்தப் பகுதிக்குப் பெயர் "ஹயே சாரா", சாராளின் வாழ்வு. யாக்கோபு வழியிலேயே ராகேலைப் பறிகொடுத்தார், அவள் கல்லறை மேல் ஒரு தூண் நிறுத்தினார். ராகேலின் நினைவு நாள் 11 ஹெஷ்வான் என்பது மரபு. உங்கள் மனைவிக்கு மறுநாள். ஞாயிறு கல்லறைக்குப் போகிறீர்கள் என்றால் அந்த நாளில்தான் போகிறீர்கள்.

வெள்ளிமாலை

ஐயா, எஷெத் ஹயில் என்று நீங்கள் எழுதியதைப் பார்த்ததும் எழுந்து போய் அவளுடைய ஜெபப் புத்தகத்தை எடுத்தேன். கல்யாணமான புதிதில் அதன் முதல் நான்கு வரியை எனக்குச் சொல்லிக் கொடுத்தாள், நான் தமிழ் எழுத்தில் ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டேன். தாள் புத்தகத்துக்குள்தான் இருக்கிறது. "ஹயில்" என்று எழுதிய இடத்தில் ஹ எழுத்துக்குக் கீழே பென்சிலால் ஒரு புள்ளி. அது அவள் வைத்தது. அந்த எழுத்து தொண்டையிலிருந்து வர வேண்டும், எனக்கு வராது, ஒவ்வொரு தடவையும் விரலால் தன் தொண்டையைத் தொட்டுக் காட்டுவாள். அவளுக்குத் தமிழ் படிக்கத் தெரியாது, அந்த ஓர் எழுத்தை மட்டும் அடையாளம் தெரிந்து வைத்திருந்தாள். தாள் மடிப்பில் கிழிந்திருக்கிறது.

வெள்ளிமாலை (நவம்பர் 2, 2025)

நடந்ததைச் சொல்ல வந்தேன், நீங்கள் எல்லோரும் கேட்பீர்கள் என்று தெரியும்.

வெள்ளி மாலை யார்ட்சைட் மெழுகுவர்த்தியை நான் ஏற்றினேன். பிறகு மகள் சபாத் விளக்கு ஏற்றினாள், அம்மா செய்வது போலவே கையால் மூன்று முறை வளைத்துக் கண்ணை மூடிக்கொண்டாள், நெடுநேரம் கையை எடுக்கவில்லை. கூடத்தில் இருவரும் சேர்ந்து காதீஷ் சொன்னார்கள். மகன் நடுவில் ஒரு வரியை விட்டுவிட்டான், அக்கா நிறுத்தி அவன் வந்து சேரும் வரை காத்திருந்தாள், மொத்தக் கூடமும் காத்திருந்தது. நான் நின்றேன். ஆமென் சொன்னேன்.

வீட்டுக்கு வந்து நான்கு வரியையும் பாடினேன். மற்ற 18ஐயும் மகள் படித்தாள். அந்த ஹ இப்போதும் எனக்குச் சரியாக வரவில்லை. மகன் ஒன்றும் சொல்லாமல் தன் தொண்டையைத் தொட்டுக் காட்டினான். அவன் அதைக் கவனித்து வைத்திருந்தான் என்றே எனக்குத் தெரியாது. அதற்கு மேல் கொஞ்ச நேரம் யாராலும் பேச முடியவில்லை.

மெழுகுவர்த்தி சனி இரவு ஒன்பது மணி சுமாருக்குத்தான் அணைந்தது. மகன் நாற்காலியை இழுத்துப் போட்டுக் கடைசிவரை உட்கார்ந்திருந்தான். இன்று காலை கல்லறைக்குப் போய் மூன்று கல் வைத்தோம், மச்சான் சொன்னபடி அவருக்காக ஒன்று, ஆக நான்கு.

கடைசியாக ஒரு சின்னச் சந்தேகம். மெழுகுவர்த்தி இருந்த கண்ணாடிக் குவளையைத் தூக்கிப் போட மகன் விட மாட்டேன் என்கிறான், கழுவி அலமாரியில் வைத்துவிட்டான். அதை அப்படி வைத்துக்கொள்ளலாமா, தவறு ஒன்றும் இல்லையே?

சன்னலோரம்

தவறே இல்லை. எங்கள் வீட்டில் தாத்தா பாட்டிக்கு ஏற்றிய குவளைகளை அம்மா வெந்நீர் ஊற்றி மெழுகு போகக் கழுவி எடுத்து வைப்பார், நாங்கள் பால் குடித்ததெல்லாம் அதில்தான். பல வீடுகளில் அப்படித்தான். கொஞ்சம் தடித்த கண்ணாடி, கீழே போட்டாலும் சுலபத்தில் உடையாது. என்னிடம் இப்போது ஏழு இருக்கிறது, அதில் மூன்று அம்மாவுடையது. தண்ணீர் குடிக்கக் கொடுங்கள் அவனுக்கு அதில்.